எர்த் இருக்கா, அண்ணே?

எந்த ஊர் மண்டபத்துக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மேடை எவ்வளவு அகலம், மாப்பிள்ளையும் பெண்ணும் எத்தனை மணிக்கு வருவார்கள், எந்தப் பாட்டோடு அவர்களை வரவேற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஆவணி மாதத்து முகூர்த்தச் சனிக்கிழமை ஒன்றில், கோவை அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில், மாலை நாலரை மணிக்கு மைக்செட்காரர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் அதைக் கேட்டபோது நான் கூட இருந்தேன்.

"போட்டிருக்கு தம்பி. நீங்க செருகிப் பாருங்க" என்றார் மைக்செட் அண்ணன்.

செருகினார். மண்டபம் முழுக்க 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் பரவியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடத்தில் அந்த ஐம்பது ஸ்பீக்கருக்குள் புகுந்து பாட ஆரம்பித்துவிடும். அதற்கென்று ஒரு சுருதியும் உண்டு. ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். "ஒரு கட்டையில வாசிச்சா இது பஞ்சமம் மாதிரி கூடவே வரும் சார். ஆனா சேராத பஞ்சமம். பக்கத்துல உக்காந்து ஒருத்தர் தப்பா சுருதி போடுற மாதிரி. பத்து நிமிஷத்துல தலைவலி வந்துடும்" என்றபடி ஒயரைப் பிடுங்கி வேறொரு பிளக்குக்கு மாறினார். பையிலிருந்து சிறிய இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்து நடுவில் மாட்டினார். டிஐ பாக்ஸ் என்பார்கள். இரைச்சல் அடங்கியது. பெட்டியைத் திறந்து வயலினைக் கையில் எடுத்தது அதற்கப்புறம்தான்.

இந்தக் கட்டுரைக்காக மூன்று நாள் அவரோடு ஊர் சுற்றினேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆர்டர் தருகிற ஈவென்ட் கம்பெனிகளைப் பற்றி மனம்விட்டுப் பேசினால் அடுத்த ஆர்டர் வராமல் போகலாம் என்பது அவருடைய பயம். நியாயமான பயம். வயது 34. தஞ்சாவூர்ப் பக்கம். திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் வயலின் படித்தவர். இன்று தமிழ்நாட்டு ரிசப்ஷன் மேடைகளில் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நின்றபடி வாசிக்கும் எத்தனையோ இளைஞர்களில் ஒருவர்.

உடம்பில்லாத வயலின்

அவர் கையிலிருந்த வாத்தியத்தை முதலில் பார்ப்பவர்களுக்குப் பாதி செய்து நிறுத்திய வயலின் போலத் தெரியும். நடுவில் கெட்டியான ஒரு கட்டை. ஓரத்தில் வயலின் உருவத்தை நினைவூட்ட ஒரு சட்டம். உள்ளே காற்று நிற்கும் கூடு கிடையாது. ஒயர் மாட்டாமல் வில்லைப் போட்டால் காதருகே கொசு பறப்பது போல ஒரு மெல்லிய சத்தம்தான் வரும். தந்தி உட்காரும் குதிரையின் கீழே பியஸோ படிகங்கள் இருக்கின்றன. தந்தியின் அதிர்வை அவை மின்சாரமாக மாற்றும். அந்தச் சிறு மின்சாரத்தை ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சர்க்யூட் பெரிதாக்கி அனுப்பும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அவர் பேட்டரியை மாற்றிவிடுகிறார். பழைய பேட்டரி வீட்டில் கடிகாரத்துக்கோ டார்ச்சுக்கோ கூட ஆகாது; அது அந்த வகை இல்லை. ஆனாலும் மாற்றுகிறார். மாப்பிள்ளை பெண் நடந்து வரும்போது அது உயிரை விட்ட ஒரு ராத்திரியை அவர் மறக்கவில்லை.

சாதாரண வயலினையே மைக் முன்னால் வைத்து வாசித்தால் என்ன என்று கேட்டேன். வாசிக்கலாம், சபாவில். ரிசப்ஷன் மேடையில் ஆளுயர ஸ்பீக்கர்கள் பக்கத்திலேயே நிற்கும். கூடுள்ள வயலின் அந்தச் சத்தத்தை உள்ளே வாங்கித் திரும்ப மைக்குக்குக் கொடுக்கும். மைக் மறுபடி ஸ்பீக்கருக்கு. 'கீ' என்று மண்டபமே காதைப் பொத்திக்கொள்ளும். கூட்டை எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும்.

இது புதிய யோசனை இல்லை. 1930களிலேயே அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஸ்டஃப் ஸ்மித் தன் வயலினை மின்சாரத்தால் பெருக்கி வாசித்திருக்கிறார். 1997-ல் யமாஹா நிறுவனம் 'சைலன்ட் வயலின்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தொந்தரவில்லாமல், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு சாதகம் செய்வதற்கான வாத்தியம் அது. அந்தச் சத்தமில்லாத குடும்பத்தைச் சேர்ந்த வயலின்தான் இன்று ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசும் மண்டபங்களில் ஒலிக்கிறது.

மேடையில் ஆடிக்கொண்டே மின்வயலின் வாசிக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் வனஸா மே முக்கியமானவர். 'தி வயலின் பிளேயர்' என்ற அவருடைய ஆல்பம் வந்தது 1995-ல். ஆனால் நம்மவர் ஒருவர் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு கதவைத் திறந்திருந்தார். எல். சங்கர். வி. லட்சுமிநாராயணாவின் மகன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்தில் ஊரை விட்டு வந்த இசைக் குடும்பம். ஜான் மெக்லாலினோடு 'சக்தி' குழுவில் வாசித்தவர். 1980-ல் இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் கொண்ட இரட்டை மின்வயலினை உருவாக்கச் செய்தார். டபுள் பேஸின் அடிக்குரலிலிருந்து வயலினின் உச்சிவரை ஒரே ஆள் தொட முடிகிற வாத்தியம் அது. கல்லூரி நாட்களில் அதைக் கேட்ட ராத்திரிதான் தன் வாழ்க்கை திரும்பியது என்கிறார் நம் வயலின்காரர்.

காலில் இருந்து கழுத்துக்கு

வெளியே நின்று பார்க்கிற நமக்கு ஒரு விஷயம் புரிவதில்லை. கர்நாடக வயலின் உட்கார்ந்து வாசிக்கும் கலை. வயலினின் தலைப்பகுதி வலது பாதத்தில், கணுக்காலுக்கருகே ஊன்றியிருக்கும். இன்னொரு முனை மார்பில் சாய்ந்திருக்கும். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்குக் கிடையாது. அதனால்தான் அது தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க முடிகிறது. கமகம் பிறப்பது அந்தச் சுதந்திரத்தில்தான். எழுந்து நின்றால் அந்த ஊன்றுகோல் போய்விடுகிறது. தாடையாலும் தோளாலும் வயலினைக் கவ்விப் பிடிக்க வேண்டும். கை கொஞ்சம் வேகமாகக் கீழே இறங்கினால் வயலினும் கூடவே வரும்.

"ஒன்றரை வருஷம் ஆச்சு சார், நின்னுக்கிட்டு ஒரு தோடி வாசிக்க. இப்பவும் உக்காந்து வாசிக்கிற தோடி இல்ல அது" என்றார். காலரை விலக்கிக் காட்டினார். இடது தாடைக்குக் கீழே கறுத்துத் தடித்த ஒரு தழும்பு.

அதோடு முடியவில்லை. கர்நாடக முறையில் நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று கூட்டிக்கொள்வோம். பாடகர் எந்தக் கட்டையோ அந்தக் கட்டைக்கு வயலின் வரும். ரிசப்ஷனில் நிலைமை வேறு. லேப்டாப்பில் ஓடும் டிராக், சினிமாப் பாட்டு எந்தச் சுருதியில் பதிவானதோ அதில் ஓடும். ஒரு பாட்டு இரண்டரை கட்டை, அடுத்தது ஐந்து, அதற்கடுத்தது ஒன்றரை. நடுவில் தந்தி முறுக்க நேரமில்லை. ஆகவே மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ என்று கூட்டி வைத்துக்கொண்டு, எந்தச் சுருதிக்கும் விரலை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருட்டில் நடந்து பழகியவரை, தினம் ஒரு வீட்டில் விளக்கில்லாமல் நடக்கச் சொல்வது போல இது. இதைச் செய்கிறவர்களைப் பார்த்துதான் 'டிராக் போட்டு வாசிக்கிற பசங்க' என்று நம்மில் பலர் ஒற்றை வரியில் தள்ளிவிடுகிறோம். அந்த வரியை நானும் முன்பு சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

கோவை மண்டபத்தில் ஏழு மணிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் நுழைந்தார்கள். தரையில் முழங்கால் உயரத்துக்குப் புகை. இரண்டு பக்கமும் குளிர் மத்தாப்பு. புகைக்கு நடுவே நடந்துகொண்டே வாசித்தபடி அவர்களை மேடைக்கு அழைத்து வந்தார். அந்தப் புகை ஈரம். தந்தி வழுக்கும். வில்லின் குதிரைமுடி ஈரத்தை இழுத்துத் தளரும். மேடையேறியதும் ஏசி காற்றில் தந்தி இன்னொரு விதமாக மாறும். இவை எல்லாவற்றையும் காதால் பிடித்து விரலால் சரி செய்துகொண்டே, முகத்தில் சிரிப்பு மாறாமல் கேமராவைப் பார்க்க வேண்டும். 'மௌன ராகம்' படத்தின் பின்னணி இசை வந்ததும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்துகூடச் சிலர் எட்டிப் பார்த்தார்கள். 1986-ல் வந்த படம். மேடையில் நின்ற மணமக்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். இந்தக் கேள்விக்கு எந்த ஊரிலும் விலக்கு இல்லையாம்: "தம்பி, மௌன ராகம் வருமா?"

நிகழ்ச்சி முடிந்து வில்லைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு வந்திருந்த நாதஸ்வரக்காரர். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டிருக்கிறார். அந்த மண்டபத்தில் முழுக்கக் கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

"நல்லா இருந்துச்சு தம்பி. மோகனத்துல வந்த பாட்டுல மட்டும் காந்தாரம் கொஞ்சம் தூக்கலா நின்னுச்சே?"

வயலின்காரர் முகம் மலர்ந்துவிட்டது. குறை சொன்னதற்காக ஒருவர் அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. "கண்டுபிடிச்சுட்டீங்களே ஐயா! டிராக்குல கீபோர்டு ஓடுது. அது காந்தாரத்தை அங்கதான் வெச்சிருக்கு. நான் நம்ம காந்தாரம் புடிச்சா அதோட மோதும்."

பெரியவர் சொன்னது அளந்து பார்த்தாலும் சரி. தம்புராவோடு சேரும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் நிற்கும். கீபோர்டில் அது 400. பதினான்கு சென்ட் என்பது ஒரு அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. பயிற்சி உள்ள காதுக்கு அது சாப்பாட்டில் கல். திருவையாற்றில் கற்றுக்கொண்ட காந்தாரத்தை இவர் ராத்திரிக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கி வைத்து வாசிக்கிறார். விடியற்காலை வீட்டில் தம்புரா ஆப்பைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் சரளி வரிசை வாசிப்பது அதைக் கழுவிக்கொள்ளத்தான் என்றார்.

பெரியவரோடு டீ குடித்தோம். "முன்னாடி ரிசப்ஷனுக்கும் நாங்கதான் தம்பி. இப்ப மாப்பிள்ளை அழைப்புக்கும் தாலி கட்டுற நேரத்துக்கும் மட்டும் கூப்புடுறாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. வயலின்காரர் தலை குனிந்துகொண்டார். அந்த இடத்தில் யார் என்ன பேச முடியும்? என் கணிப்பில், நாதஸ்வரத்தை ஓரம் கட்டியது வயலின் இல்லை. பேச்சுக் குரலே கேட்காத அளவுக்கு ஸ்பீக்கர் வைப்பதுதான் கொண்டாட்டம் என்று நாம் எடுத்த முடிவுதான் ஓரம் கட்டியது. அதே முடிவு நாளை வயலினையும் ஓரம் கட்டும். டிராக்கை மட்டும் ஓடவிட்டு வில்லைச் சும்மா ஆட்டினால் போதும் என்று கேட்கிற ஈவென்ட்காரர்கள் இப்போதே இருக்கிறார்கள்.

சிங்காநல்லூரிலிருந்து ஆரப்பாளையம்

ஞாயிறு மாலை மதுரையில் அடுத்த நிகழ்ச்சி. நள்ளிரவு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் ஏறினோம். முதுகில் வயலின் பெட்டி, கையில் ஒயர்களும் டிரான்ஸ்மிட்டரும் லேப்டாப்பும் அடங்கிய பை, தோளில் கோட்டு மாட்டிய உறை. வயலினை மேலே கேரியரில் வைக்க மாட்டார். மடியில்தான். பல்லடம் தாண்டியதும் தூங்கிப்போனார். தாராபுரத்தில் பஸ் நின்றதும் முதலில் கை பெட்டியைத் தடவியது, பிறகுதான் கண் திறந்தது.

கார் அமர்த்திக்கொள்ள வருமானம் இருக்கிறது. ஆனாலும் இரவில் தூரப் பயணம் என்றால் அவர் பஸ்ஸையோ ரயிலையோதான் தேர்ந்தெடுக்கிறார். காரணம் கேட்டேன். ஒரு பெயரைச் சொன்னார்: பாலபாஸ்கர். கேரளத்து மேடைகளில் மின்வயலினை வீட்டுக்கு வீடு தெரிய வைத்தவர். பதினேழு வயதில் சினிமாவுக்கு இசையமைத்தவர். 2018 செப்டம்பர் 25 விடியற்காலை, திருச்சூரில் கோயிலுக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பும்போது, திருவனந்தபுரம் அருகே கார் மரத்தில் மோதியது. இரண்டு வயது மகள் இறந்துபோனாள். அக்டோபர் 2-ம் தேதி அவரும் போய்விட்டார். வயது 40. அது கச்சேரிப் பயணம் இல்லைதான். ஆனால் இரவு ரோடு எல்லாருக்கும் ஒன்றுதானே. "அன்னிக்கு எங்க ஆளுங்க யாரும் வயலினைத் தொடல சார்" என்றார்.

தாராபுரத்தில் டீ சூடாக இருந்தது. அவர் தன் வருடக் கணக்கைச் சொன்னார். தை, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் இருக்கும் நாளெல்லாம் ஓட்டம். ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. மார்கழியில் இல்லவே இல்லை. தவக்காலத்தில் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணமும் இருக்காது. மார்கழியைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார். சென்னையில் சபாவுக்குச் சபா வயலின் ஒலிக்கும் மாதம் அது. அவரோடு படித்தவர்கள் சிலர் அங்கே பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். இவர் வீட்டில் இருப்பார். பையன்களுக்கு டியூஷன் எடுப்பார். ஐ.டி. கம்பெனி ஆண்டுவிழா ஏதாவது வந்தால் விமானத்தில் போய் வருவார். அதிலும் கைப்பைக்கு ஏழு கிலோதான் கணக்கு. வயலினைக் கார்கோவில் போட மனம் வராது. உதிரி லித்தியம் பேட்டரியை அதில் போட அனுமதியும் கிடையாது. ஆக, எடை பார்க்கும் கவுன்ட்டரில் ஒவ்வொரு தடவையும் ஒரு பஞ்சாயத்து. 2020 மார்ச் ஊரடங்கில் ஒரே வாரத்தில் பதினோரு நிகழ்ச்சிகள் ரத்தாயின. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அதை மீட்டுவிட்டார் என்பதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

'சபா வித்வான்கள் மதிக்க மாட்டார்களா?' என்ற என் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் குன்னக்குடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அது சரியான பதில்தான். குன்னக்குடி வைத்தியநாதன் வலயப்பட்டியின் தவிலோடு மேடையேறி, சினிமாப் பாட்டை வயலினில் பேச வைத்தபோது முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் வயலின் என்றால் என்னவென்றே தெரியாத கிராமத்து ஜனங்கள் கோயில் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து அவர் வாசிப்பைக் கேட்டார்கள். திருவையாறு தியாகராஜர் ஆராதனையை நீண்ட காலம் பொறுப்பேற்று நடத்தியவரும் அதே குன்னக்குடிதான். மாண்டலின் ஸ்ரீநிவாஸும் அப்படித்தான். மின்சாரம் ஓடும் வாத்தியத்தில் கமகம் வராது என்று சொன்னவர்கள், அந்தச் சிறுவன் வாசித்து முடித்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

இன்னும் பின்னால் போனால் வயலினே வெளியூர்ச் சரக்குதான். சென்னையில் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த காலத்தில் பாலுசாமி தீட்சிதர் மேற்கத்திய வயலினைக் கற்றுக்கொண்டு நம் இசைக்குக் கொண்டுவந்தார். அவர் பிறகு எட்டயபுரம் சமஸ்தானத்துக்குப் போனார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரம் போனார். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். யாரோ ஒருவர் அழைத்தார், வயலினைத் தூக்கிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போனார்கள். நம் வயலின்காரர் மடியில் பெட்டியோடு ஒட்டன்சத்திரத்தைக் கடந்துகொண்டிருந்ததும் அந்த வேலைக்குத்தான்.

போட்டோ முதலில், வாசிப்பு பிறகு

மதுரையில் இறங்குவதற்குள் இன்னொருவரோடு போனில் பேசவைத்தார். திருச்சியைச் சேர்ந்த இளம்பெண். எட்டு வயதிலிருந்து வயலின். நான்கு ஆண்டுகளாக மின்வயலின் நிகழ்ச்சிகள். அவர் சொன்னதைக் கேட்டபின் மற்றக் கஷ்டங்கள் எல்லாம் சிறியதாகத் தெரிந்தன.

"கூப்புடுறவங்க மொதல்ல கேக்குறது போட்டோ சார். வாசிச்ச வீடியோவ ரெண்டாவதாத்தான் கேப்பாங்க. சில பேரு கேக்குறதே இல்ல." மேடைக்கு என்ன உடுத்த வேண்டும் என்பதை முன்பின் தெரியாதவர் வாட்ஸ்அப்பில் படம் போட்டு அனுப்புவார். உடைமாற்ற அறை இருக்காது. மணப்பெண் அறையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே மேக்கப் நடந்துகொண்டிருந்தால் பாத்ரூம்தான். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் எல்லாம் பெல்ட் போடுகிற ஆண்களுக்காகச் செய்தவை. பட்டுப்புடவையில் அதை எங்கே மாட்டுவது? முதுகுப்பக்கம் உள்பாவாடை நாடாவில் செருகி, சேஃப்டி பின் குத்தி, அதன் கனம் இழுக்காமல் இடுப்பை நேராக வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நிற்கிறார். வெளியூர் என்றால் அம்மா கூட வருகிறார். அம்மாவின் பஸ் டிக்கெட்டைத் தர முடியாது என்று சொன்ன ஈவென்ட்காரரும் உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மண்டப வாசலில் இரண்டு பெண்கள் பெட்டியோடு ஆட்டோவுக்கு நிற்பதைப் பற்றி அங்கே யாருக்கும் யோசனை வராது.

"விட்டுடலாம்னு தோணலையா அம்மா?" என்றேன்.

"வாசிக்கும்போது தோணாது சார்."

மதுரையில் திறந்தவெளிப் புல்வெளியில் ரிசப்ஷன். மாலை ஐந்து மணிக்கு மறுபடி அதே கேள்வி. இந்த முறை ஜெனரேட்டர். எர்த் கம்பியே அடிக்கவில்லை. எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்து, மண்ணில் கம்பி இறக்கி, தண்ணீர் ஊற்றி முடிக்க ஆறரை ஆகிவிட்டது. எர்த் இல்லாத இடத்தில் இரைச்சல் மட்டும் ஆபத்தில்லை. உலோகத் தந்தியில் விரலும் வெறுந்தரையில் காலும் இருப்பவருக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம். இதை ஒரு பிடிவாதக் கலைஞனின் அடமாகப் பார்த்துச் சலித்துக்கொண்ட பெண்வீட்டு மாமா ஒருவருக்கு நானே போய் விளக்கிச் சொன்னேன்.

காதும் ஒரு கணக்கு. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்புக்காக அமெரிக்க நிறுவனமான நியாஷ் வகுத்த அளவு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். நூறு டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வாரம் மூன்று ராத்திரி நிற்பவர் அதை எப்போதோ தாண்டிவிட்டார். காதுக்குள் பொருத்தும் மானிட்டரை இரண்டு வருடங்களுக்கு முன்பு வாங்கினார். அதற்கு முன்பே இடது காதில் ஓயாத ஒரு சீழ்க்கை குடிவந்துவிட்டது. வயலின்காரருக்கு இடது காதுதான் வாத்தியத்தின் பக்கம்.

திறந்தவெளியில் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ல் வந்த ஒலி மாசு விதி. பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார். அன்று கடைசியாக வாசித்தது டிராக் இல்லாமல். மைக்செட் தம்பியிடம் கண் காட்டி லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஒரு சுருதியை மட்டும் வைத்துக்கொண்டு நாலு நிமிடம் மோகனம். காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கோவைப் பெரியவர் அங்கே இல்லையே என்று எனக்கு இருந்தது. கை தட்டியவர்கள் முன்வரிசையில் இரண்டு குழந்தைகளும் ஒரு பாட்டியும்.

பிறகு பேலன்ஸ் பணத்துக்குக் காத்திருந்தோம். அழைத்தவர் போனை எடுக்கவில்லை. அவர் வீட்டாரை வழியனுப்பப் போயிருந்தார். கம்பெனி நிகழ்ச்சிகளில் பத்து சதவீத வரிப் பிடித்தம் போக மீதி வர மாதக்கணக்கில் ஆவதுண்டு. கல்யாணத்தில் அன்றே வாங்காவிட்டால் அதோடு சரி என்பது அவர் அனுபவம். பதினொன்றேகாலுக்குப் பணம் வந்தது, முழுதாக. அதற்குள் பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆரப்பாளையத்தில் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு அவர் தஞ்சாவூர்ப் பக்கம் போக மாட்டுத்தாவணிக்கு ஆட்டோ ஏறினார். காலை ஒன்பது மணிக்குத் தெருப் பிள்ளைகள் நாலு பேர் வயலின் வகுப்புக்கு வருவார்களாம்.

ஐப்பசி பிறந்தால் மறுபடி முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். உங்கள் வீட்டு ரிசப்ஷனுக்கு ஒரு வயலின்காரரை அழைத்திருந்தால், காலையிலேயே மண்டபத்து எலக்ட்ரீஷியனை எர்த் பார்க்கச் சொல்லுங்கள். வருகிறவர் பெண்ணாக இருந்தால் பூட்டு உள்ள ஓர் அறையை ஒதுக்குங்கள். பேசிய பணத்தை அவர் வில்லைத் தளர்த்துவதற்கு முன்பே கையில் கொடுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவருக்கென்று ஓர் இலை போட்டு வையுங்கள்.